நெட்டி: நிறைந்து வற்றும் ஏரியின் செடி

மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய வாரம் கும்பகோணம் பக்கத்துக் கடைத்தெருக்களில், நெட்டி என்ற நீர்ச்செடியின் வெள்ளைத் தண்டில் செய்த மாலைகள் சரம்சரமாகத் தொங்கும். வெள்ளை, ரோஸ், பச்சை, மஞ்சள் என்று நிறம் நிறமாக இருக்கும். பத்து மாலையைத் தோளில் போட்டுக்கொண்டாலும் பாரம் தெரியாது. ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை இந்த மாலைக்குப் பேர்போன ஊர். நாகஸ்வரம் செய்வதற்குப் புவிசார் குறியீடு பெற்றதும் அதே ஊர்தான். தஞ்சாவூரில் பெரிய கோயிலின் விமானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று செய்து வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தந்தம் என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. அதுவும் நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கலையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தக் கலைக்கு மூலமான செடியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நெட்டியைத் தோட்டத்தில் யாரும் பயிரிடுவதில்லை. ஏரியிலும் குளத்திலும் தானாக முளைத்தால்தான் உண்டு. எந்த ஏரியில் முளைக்கும், எதில் முளைக்காது, சென்ற வருடம் காடாக நின்ற இடத்தில் இந்த வருடம் ஏன் ஒன்றுகூட இல்லை என்பதற்கெல்லாம் ஒரே பதில்தான். நீர் வருவதும் போவதும் எந்த முறையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எப்போதும் நிறைந்திருக்கும் ஏரியில் நெட்டி இல்லை, எப்போதும் வறண்டு கிடக்கும் ஏரியிலும் இல்லை.

செடியை அடையாளம் காண்பது

தாவரவியலில் இதன் பெயர் ஈஸ்கினோமினே ஆஸ்பெரா. அவரை, துவரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பு. பெயருக்கு ஏற்றபடி முற்றிய காயின் மேல் சிறுசிறு முண்டுகள் கையில் தட்டுப்படும். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து வளரும். இலை புளிய இலையைப் போல நெருக்கமான சிற்றிலைகள் கொண்டது. பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் கூம்பிவிடும், பகலில் தொட்டால் மெதுவாக மடியும். பூ மஞ்சள், அவரைப் பூவின் வடிவம். காய் தட்டையாக, கணுக் கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவுக்குள்ளும் ஒரே ஒரு விதை.

இந்தச் செடியோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை மூன்று. முதலாவது இதன் தம்பி, ஈஸ்கினோமினே இண்டிகா. வரப்போரத்திலும் சம்பா வயலிலும் களையாக வரும் மெலிந்த செடி. பூவும் காயும் சிறியவை, தண்டு பென்சில் பருமனைத் தாண்டினால் அதிகம். தண்டுக்குள் வெள்ளைப் பகுதி இருக்கும், ஆனால் வேலைக்கு உதவுகிற அளவு கனம் இருக்காது. இரண்டாவது நீர்ச்சுண்டி. தொட்டால் சட்டென்று சுருங்குவது, தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போன்ற உறை இருப்பது இரண்டையும் பார்த்து இதை நெட்டி என்று நினைத்துவிடுவார்கள். நீர்ச்சுண்டி நீரின் மேல் படர்ந்து மிதக்கும், நிமிர்ந்து நிற்காது. பூவும் தொட்டாற்சிணுங்கியைப் போலக் கொத்தாக இருக்கும். அதன் பஞ்சு வெளிப்புறத்தில், நெட்டியின் வெண்மை பட்டைக்கு உள்ளே.

மூன்றாவது பெயரால் வரும் குழப்பம். நெட்டியைத் தக்கை என்றும் சொல்வதால், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் தக்கைப்பூண்டும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். தக்கைப்பூண்டு செஸ்பேனியா இனம், அகத்திக்கு உறவு. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில் மடக்கி உழுவது. அதன் தண்டை உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். நார் நாராகப் பிரியும், வெள்ளைக் கட்டையாக வராது.

ஏன் இவ்வளவு லேசு

நெட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே காகிதம் போன்ற பழுப்புப் பட்டை, உள்ளே முழுக்க வெள்ளை, நட்டநடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் புள்ளி. அந்த வெள்ளைப் பகுதி முழுவதையும் செடியின் நடுச்சோறு என்று சொல்வது வழக்கம். உண்மையில் நடுச்சோறு என்பது அந்தப் புள்ளி மட்டும்தான். மீதி எல்லாம் கட்டை. தேக்கிலும் வேம்பிலும் இருக்கும் அதே கட்டைப் பகுதிதான், ஆனால் முற்றிலும் வேறு விதமாக அமைந்தது. தேக்கின் கட்டையில் தடித்த சுவருள்ள நார்கள் நெருங்கிக் கிடக்கும். நெட்டியில் மெல்லிய சுவருள்ள அறைகள் தேனடை போல அடுக்கப்பட்டிருக்கின்றன. காய்ந்த பிறகு அந்த அறைகளில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. நார் இல்லாததால் கத்தி எந்தப் பக்கம் போனாலும் சிராய் எழாது. சிற்ப வேலைக்கு இது ஒத்துப்போவதன் காரணம் அதுதான்.

செடிக்கு இந்த லேசு எதற்கு? சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. வேர் மூச்சுவிட வேண்டும். நீருக்குள் இருக்கும் தண்டுப் பகுதி வீங்கிப் பஞ்சாகி மிதவையாகச் செடியைத் தாங்குகிறது, காற்றையும் வேருக்குக் கொண்டுபோகிறது. அதனால்தான் ஒரே செடியில் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குலப் பருமன் இருக்கும்போது, மேலே சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்து நார் மிகுந்து நிற்கிறது. வேலைக்கு உதவுவது நீருக்குள் நின்ற பகுதி மட்டுமே. முழங்காலிலிருந்து இடுப்பளவு நீர் இரண்டு மாதமாவது நின்றிருந்தால்தான் அந்தப் பகுதி பருக்கும். ஒரு சாண் நீரில் வளர்ந்த செடி பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், வெட்டினால் உள்ளே ஒன்றும் தேறாது.

நீருக்குள் இருக்கும் தண்டைத் தடவினால் இன்னொன்றும் தட்டுப்படும். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள். தண்டு அழுகுகிறது, பூச்சி விழுந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவை காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நிலைநிறுத்தும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வேர்முடிச்சுகளின் வகைதான், வேரை விட்டுத் தண்டில் உட்கார்ந்திருக்கின்றன. தண்டில் முடிச்சு வருவதை டேனிஷ் தாவரவியலாளர் ஹாகெரப் 1928-ல் முதன்முதலில் பதிவு செய்தது இந்த நெட்டிச் செடியில்தான். பிற்பாடு இந்த இனத்துச் செடிகளில் குடியிருக்கும் சில பிராடிரைசோபியம் பாக்டீரியாக்கள் வெளிச்சத்திலிருந்தும் ஆற்றல் எடுக்கக் கூடியவை என்று தெரியவந்தது. தண்டில் வெயில் படுகிற இடத்தில் முடிச்சு இருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அவரைக் குடும்பத்துச் செடியும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று கண்டுகொள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுக் கூட்டம் கட்டாயம் தேவை என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அந்தக் கூட்டம் இல்லாமலேயே இவற்றில் சில முடிச்சுப் போடுகின்றன என்று 2007-ல் வெளிவந்தபோது துறையே திரும்பிப் பார்த்தது. நம் ஊர்க் குளத்தோரம் நிற்கும் செடியின் இனத்துக்கு இப்படி ஒரு இடம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

எங்கே வளர்கிறது

காவிரிப் பாசனப் பகுதியைப் பழைய டெல்டா, புது டெல்டா என்று பிரிப்பார்கள். பழைய டெல்டா என்பது கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் கிளை விரிக்கும் பகுதி. வாய்க்கால் பாசனம், ஊருக்கு ஊர் குளமும் குட்டையும். புது டெல்டா என்பது கல்லணைக் கால்வாய்ப் பகுதி, அதாவது புது ஆறு பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரம். மேட்டூர் அணை முடிந்த 1934-க்குப் பிறகு உருவான பாசனம். இங்கே மேட்டுப்பாங்கான நிலத்தில் ஏரிகள் அதிகம். கால்வாய் நீர் கொஞ்சம், மழைநீர் கொஞ்சம் என்று நிரம்புகிறவை. அதற்கும் தெற்கே புதுக்கோட்டைப் பக்கம் முழுக்க வானம் பார்த்த ஏரிகள்.

நெட்டிக்குப் பிடித்தது இந்த மூன்றில் பின்னவை இரண்டும்தான். காரணம் சாய்வு. ஏரி என்பது ஒரு பக்கம் கரை, மறுபக்கம் மெல்ல மெல்ல மேடேறும் நீர்ப்பிடிப்பு. அந்த மேடேறும் பக்கத்தில் நீர் ஒரு நாளில் ஒரு விரற்கடை ஏறும், கோடையில் அதே போல் இறங்கும். நெட்டி வாழ்வது அந்தப் பட்டையில். கோயில் குளம் போல நான்கு பக்கமும் படிக்கட்டோ செங்குத்துச் சுவரோ இருந்தால் இந்தச் செடிக்கு இடமே இல்லை.

வருடச் சுற்று இப்படி ஓடுகிறது. சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்து மண் பாளம் பாளமாக வெடிக்கும். விதைகள் அந்த வெடிப்புக்குள் கிடக்கும். அவற்றின் தோல் கடினமானது, வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுத்தான் தளரும். ஆடி, ஆவணியில் வெப்பச் சலன மழை இரண்டு மூன்று பெய்து மண் நனைந்ததும் முளைக்கும். கவனிக்க வேண்டியது, முளைப்பது ஈர மண்ணில், நீருக்குள் அல்ல. புரட்டாசிக்குள் நாற்று ஒரு முழம் வந்துவிட வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து நீர் ஏற ஏறச் செடியும் கூடவே ஏறும், நீருக்குள் போன தண்டிலிருந்து புதுவேர் விடும், பருக்கும். கார்த்திகை, மார்கழியில் பூவும் காயும். தை, மாசியில் காய் பழுத்துக் கணுக்கணுவாக உடைந்து நீரில் விழும். பங்குனியில் நீர் வற்ற, தண்டு நின்ற இடத்திலேயே காய்ந்து வெளுக்கும்.

சங்கத் தமிழில் இந்தச் செடிக்குக் கிடை என்று பெயர். சோழன் நலங்கிள்ளி பாடிய புறநானூறு 75-ஆம் பாட்டில் வெண்கிடை வருகிறது. அரசாட்சி சிறியவனுக்குப் பெரும்பாரம், தகுதி உள்ளவனுக்கோ நீர் அற்ற குளத்தில் வெயிலில் வாடிக் கிடக்கும் கிடைத்தண்டு போல லேசானது என்பது பொருள். அங்கே குளத்துக்கு அவன் போடும் சொல் அறுகயம், நீர் அற்றுப்போன கயம். காவிரி நாட்டு அரசன் கண்ணால் கண்ட செடி இது. ஆழ நீர் நின்று பிறகு வற்றிய இடம் என்ற விவரத்தைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பை இன்றைக்கும் களக்குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி நிறைந்து வற்றும் ஓட்டத்தைப் பார்க்க நல்ல உதாரணம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூர் ஏரி. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நீர் வரும், ஏப்ரல் முதல் ஜூலை வரை காய்ந்து கிடக்கும். 1999-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அறிவிக்கப்பட்டது. வறண்ட மாதங்களை ஏரியின் நோய் போலப் பார்ப்பது தவறு. நெட்டி போன்ற செடிகளுக்கு அந்த மாதங்கள்தான் விதைப்பருவம்.

வெட்டுவது, காய வைப்பது

மாலைக்கு வேண்டிய நெட்டி கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் வெட்டப்படுகிறது. அப்போது தண்டு பருமன் பிடித்திருக்கும், முற்றிப்போயும் இருக்காது. சேற்றுக்குள் கையை விட்டு வேரோடு பிடுங்குவதைவிட, அடிவேருக்கு நான்கு விரல் மேலே அரிவாளால் அறுப்பது நல்லது. பிடுங்கினால் சேறு கலங்கி, தண்டின் மேல் ஒட்டி, காய்ந்த பின் கறையாக நிற்கும். வெட்டியதும் இலையையும் கொப்பையும் கழித்துவிட்டு, மெலிந்த மேல்பகுதியைத் தள்ளிவிட்டு, பருத்த பகுதியை மட்டும் இரண்டு இரண்டரை அடித் துண்டுகளாக்கிக் கட்ட வேண்டும்.

பச்சை நெட்டி நீரைக் குடித்துக் கனமாக இருக்கும். கட்டாகவே விட்டுவிட்டால் இரண்டே நாளில் உள்ளே சூடேறிக் கரும்புள்ளி விழும். அந்தப் பூஞ்சைக் கறையைப் பிறகு எதனாலும் எடுக்க முடியாது. சாயம் போட்டாலும் அடியில் தெரியும். அதனால் வந்த அன்றைக்கே கட்டை அவிழ்த்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்த்து நிறுத்தி வைக்க வேண்டும். பட்டையை உரிக்காமல் காய வைப்பது முக்கியம். உரித்துவிட்டு வெயிலில் போட்டால் வெளிப்புறம் சீக்கிரமும் உள்புறம் மெதுவாகவும் சுருங்கி நெடுக வெடிக்கும், வெண்மையும் மங்கி மஞ்சள் பாயும். நல்ல வெயிலில் ஒரு வாரம் போதும். மார்கழியில் காலைப் பனி விழும் என்பதால் இரவில் கூரைக்குள் எடுத்து வைத்தே ஆக வேண்டும். ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் மூன்று நாள் காய்ச்சல் வீண்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை. கையில் எடுத்தால் பாரமே இருக்கக் கூடாது. பட்டையைக் கொஞ்சம் கீறி நகத்தால் அழுத்தினால் மெத்தென்று பள்ளம் விழ வேண்டும். பொடி உதிர்ந்தால் வயது முற்றிய தண்டு, நகம் இறங்காமல் நின்றால் நீருக்கு மேலே வளர்ந்த தண்டு. இரண்டையும் ஒதுக்கிவிடலாம். நல்ல தண்டிலேயே துளை இருந்தால் பூச்சி புகுந்தது. மாலைக்குத் துண்டு போட்டுக்கொள்ளலாம், சிற்ப வேலைக்கு ஆகாது.

மாலைக்குப் பட்டையைச் சீவிவிட்டு, கூரான கத்தியால் ஒரே அளவாக நறுக்குவார்கள். கத்தி மழுங்கினால் நெட்டி நசுங்கும், ஓரம் வெட்டுப்படாமல் கிழியும். அதனால் கத்தியை அடிக்கடி கல்லில் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நறுக்கிய துண்டுகளைச் சாயநீரில் முக்கி உடனே எடுத்துவிட வேண்டும். ஊற விட்டால் காற்று இருந்த அறைகளில் எல்லாம் நீர் ஏறி, காய இரண்டு பங்கு நாள் பிடிக்கும், வடிவமும் கோணும். நிழலில் உலர்த்திய பிறகு தாழை நாரில் கோப்பார்கள். நூலில் கோத்தால் மெல்லிய இழை நெட்டியை அறுத்துக்கொண்டு போய்விடும். தாழை நார் பட்டையாக இருப்பதால் அறுக்காது. மாட்டின் கழுத்தில் கட்டும்போது முடிச்சும் நழுவாது.

மாடு மாலையை மென்றுவிடும், எத்தனை தடவை விரட்டினாலும் மெல்லும். நெட்டியும் தாழை நாரும் செடியிலிருந்து வந்தவை, வயிற்றில் தங்காது. பிளாஸ்டிக் மாலையைத் தின்றால் அது முதல் இரைப்பையிலேயே சிக்கி உருண்டு கிடந்து, தீவனம் எடுக்கவிடாமல் மாட்டை மெலிய வைக்கும். மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளில் அதன் கழுத்தில் எதைக் கட்டுகிறோம் என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

சிற்ப வேலைக்குத் தேர்வு இன்னும் கறாராக இருக்கும். சாயமே போடாமல் வெண்மையைக் காட்டும் வேலை என்பதால் ஒரு புள்ளி கறை இருந்தாலும் தண்டு ஒதுக்கப்படும். காய்ந்த தண்டைக் கத்தி விளிம்பில் உருட்டிக்கொண்டே சீவினால் காகிதம் போல ஒரே நீளத் தகடாக வரும். கோபுரத்தின் நிலைகளும் மாடங்களும் அப்படிச் சீவிய தகடுகளாலும் கட்டைத் துண்டுகளாலும் ஒட்டப்படுகின்றன. பசை தண்ணீராக இருந்தால் தகடு அதை உறிஞ்சி நெளியும், கெட்டியாக இருக்க வேண்டும். மழை மாதத்தில் இந்த வேலை சுணங்குவதும் இதனால்தான். காற்றில் ஈரம் ஏறினால் தகடு ஒட்டுப்பிடிக்காமல் எழும்பும். முடிந்த சிற்பத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது தூசிக்காக மட்டுமல்ல, ஈரத்துக்காகவும்தான். நேர் வெயில் படும் சுவரில் வைக்கக் கூடாது, சில வருடத்தில் மஞ்சளாகிவிடும்.

வங்காளத்தில் இதே செடியைச் சோலா என்பார்கள். அங்கே மணமகன் தலையில் வைக்கும் வெள்ளைக் கிரீடம் சோலாவில் செய்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பியும் இதே சரக்குதான். வெயிலுக்குப் போடுவதால் ஆங்கிலத்தில் சோலார் என்று பலர் அந்தப் பெயரைத் திரித்துக்கொண்டார்கள். சூரியனுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை, செடியின் பெயர்தான்.

ஏன் குறைகிறது

தெர்மாகோல் வந்ததால் நெட்டி போயிற்று என்று சொல்வார்கள். பாதி உண்மை. கேட்பவர் குறைந்தது ஒரு பக்கம், வெட்டப் போனால் செடி இல்லாதது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் திருத்தக் கடினமானது.

தூர்வாரும் முறையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தூர்வாருவது தேவை, அதில் சந்தேகமில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்து 2017-ல் மறுபடி தொடங்கிய பிறகு பல ஏரிகள் ஆழமாயின. ஆனால் ஜேசிபி வைத்து மேல்மண்ணை எடுக்கும்போது விதை முழுவதும் வண்டல் மண்ணோடு வயலுக்குப் போய்விடுகிறது. நெட்டி விதை கிடப்பது மேலே உள்ள அரை அடி மண்ணில். அதோடு, கரையோரம் செங்குத்தாக வெட்டிவிட்டால் சாய்வான பட்டை போய்விடும். மேலே காய்ந்த தரை, கீழே ஆறடிப் பள்ளம். நடுவில் செடி நிற்க இடமில்லை. அப்படி வெட்டிய ஏரியில் நீர் நிறைய இருக்கும், நெட்டியோ அல்லியோ ஆரையோ பார்க்க முடியாது.

மீன் குத்தகையும் இதே விளைவைத் தருகிறது. குத்தகைதாரருக்கு வருடம் முழுக்க நீர் வேண்டும். போர்வெல் போட்டுக் கோடையிலும் நிறுத்திவைத்தால் மண் வெயில் காணாது, விதை முளைக்காது. போதாததற்குப் புல்கெண்டை விடுவார்கள். அது பெயருக்கு ஏற்ப நீர்ச்செடி எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். வலை இழுக்க இடைஞ்சல் என்று மிச்சத்தையும் பிடுங்கிப் போடுவார்கள். குத்தகை எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏலம் விடும்போதே நீர்ப்பிடிப்புப் பக்கத்தில் ஒரு மூலையை விலக்கி எழுதிக்கொள்ளலாம்.

நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் வெயிலைத் தடுப்பவை. நெட்டி நாற்று நிழல் தாங்காது. காட்டாமணக்கை வெட்டி அங்கேயே போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு ஒன்று பத்தாகும். வேரோடு தோண்டி எடுத்து, கரை மேட்டில் நன்றாகக் காய வைத்துக் கொளுத்துவதுதான் வழி. வயலோரத்து நெட்டியை அழிப்பது அகல இலைக் களைக்கொல்லி. வயலில் தெளித்தது வடிகால் வழியே கீழே உள்ள குட்டைக்கும் போய்ச் சேர்கிறது.

மறுபடி கொண்டுவருவது

நெட்டி போன ஏரியில் மறுபடி கொண்டுவர முடியும். செலவு பெரிதல்ல, காலம் தவறாமல் செய்ய வேண்டும்.

முதலில் இடம். நன்னீர் ஏரியாக இருக்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்து உவர்நீர்க் குட்டைகளில் முயல வேண்டாம். ஒரு அடி இறங்க நான்கைந்து அடி நீளமாவது ஓடும் சாய்வு உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூர்வாரப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே பேசி, மேல் அரை அடி மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்துச் சாய்வில் பரப்பச் சொல்லலாம். பழைய நெட்டி நின்ற ஏரியாக இருந்தால் இது ஒன்றே போதும், விதை வாங்கவே வேண்டாம்.

இல்லையென்றால் தை, மாசியில் பழுப்பேறிய காய்களைச் சேகரித்து, கணுக்கணுவாக உடைத்து, நிழலில் காய வைத்து துணிப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். விதைக்கும் முன் தோலைத் தளர்த்தியாக வேண்டும். கரகரப்பான ஆற்று மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்க்கலாம். அல்லது கொதித்து அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய நீரை ஊற்றி, அதிலேயே ஒரு ராத்திரி விட்டுவிடலாம். காலையில் உப்பியவை முளைக்கும், உப்பாதவற்றுக்கு இன்னொரு தடவை. கொதிக்கும் அடுப்பிலேயே போட்டுவிட்டால் விதை வெந்துவிடும்.

ஆடியில் ஏரி ஈரமாகவும் நீர் நிற்காமலும் இருக்கும் நாளாகப் பார்த்து விதைக்கலாம். நேரடி விதைப்பில் ஆபத்து ஒன்று உண்டு. முளைத்த ஒரு வாரத்தில் நீர் வந்துவிட்டால் எல்லாம் மூழ்கிச் செத்துப்போகும். வாய்க்கால் நீர் எப்போது திறப்பார்கள் என்று உறுதி இல்லாத ஊரில் பாலித்தீன் பையில் நாற்று விட்டு, ஒரு சாண் உயரம் வந்ததும் நடுவதே நல்லது. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 100 செடி பிடிக்கும். நெருக்கி நட்டால் உயரம் போகும், பருக்காது. நீர் ஏறும் வரை ஆட்டிடமிருந்து காக்க வேண்டும். முள்ளைப் போட்டு வைத்தால் போதும், நீர் வந்த பிறகு ஆடு இறங்காது. நடவுக்கு எரு, உரம் எதுவும் வேண்டாம். தழைச்சத்தைச் செடியே தேடிக்கொள்ளும். பழைய நெட்டி நின்ற குளத்துச் சேற்றிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்து நாற்று மண்ணில் கலந்தால் முடிச்சுப் போடும் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்.

வெட்டும் காலமும் விதை பழுக்கும் காலமும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. பொங்கலுக்காக மார்கழியிலேயே எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் அந்த வருட விதை அத்தனையும் போயிற்று. பழைய விதை மண்ணில் இருக்கும் வரை இரண்டொரு வருடம் தாக்குப்பிடிக்கும், பிறகு திடீரென்று ஒன்றும் முளைக்காது. பத்துச் செடிக்கு ஒன்று என்று விட்டுவைக்க வேண்டும், அதுவும் நோஞ்சான் செடியை அல்ல, நன்றாகப் பருத்ததை. வெட்டுபவருக்கு மனசு வராது. ஆனால் பருமன் உள்ள தாயிடமிருந்து விதை எடுப்பது நெல்லுக்கு எப்படியோ அப்படித்தான் இதற்கும்.

விதை சேகரிக்க ஏரி முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. உடைந்த கணுக்கள் மிதக்கும். அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், அவை தென்மேற்குக் கரையில் நுரையோடும் சருகோடும் சேர்ந்து ஒரு பழுப்புக் கோடாக ஒதுங்கும். தையின் கடைசி வாரம், விடிந்ததும் அந்தக் கரையோரம் ஒரு சல்லடையோடு போனால் ஒரு மணி நேரத்தில் ஒரு சென்ட்டுக்கு வேண்டிய விதை கைக்கு வந்துவிடும்.